எந்தக் குரூப்? – 7: பயாலஜி விட்டுப்போனவர்களுக்கு

பிளஸ் ஒன்னில் மார்க்கைப் பார்த்துப் பள்ளி ஒதுக்குவது குரூப் அல்ல, பிள்ளை எங்கே போக வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு எடுப்பதுதான் குரூப் என்று சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். டைம்டேபிளைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகவும் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு ஜெராக்ஸ் கடை குறுக்கே வந்துவிட்டது.

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பக்கத்துக் கடை அது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாம் அங்கே மெஷினில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எனக்கு முன்னால் ஓர் அம்மா, பக்கத்தில் மகள். கையில் பிளஸ் ஒன் விண்ணப்பம். விரும்பும் பாடப்பிரிவு என்ற இடத்தில் மூன்று வரி விட்டிருந்தார்கள். முதல் வரியில் ‘கம்ப்யூட்டர் சயின்ஸ்’ என்று பென்சிலால் எழுதி, அழித்து, அதே இடத்தில் மறுபடி எழுதியிருந்தது. மற்ற இரண்டு வரியும் காலி.

“ஏண்ணே, கம்ப்யூட்டர் எடுத்துட்டா நர்ஸுக்கோ டாக்டருக்கோ அப்புறம் படிக்கவே முடியாதாமே, நெசமா?” என்று கடைக்காரரைக் கேட்டார்.

“ஸ்கூல்ல கேளுங்கக்கா.”

“கேட்டேன். உங்க பொண்ணு மார்க்குக்கு இதுதான்னுட்டாங்க.”

ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது? போரூரில் ராமச்சந்திரா மருத்துவமனையைத் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற ஊர். இங்கே பல வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைக் கோட்டு கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

பி.எஸ்சி. நர்சிங்குக்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றும் வேண்டும். அந்த அம்மா பயந்தது அந்த மட்டில் சரி. ஆனால் டாக்டர் படிப்பு விஷயத்தில் அவர் கேள்விப்பட்டது பழைய விதி. பயாலஜியைப் பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வருடமும் பள்ளியில் ரெகுலராக, பிராக்டிகலோடு படித்திருக்க வேண்டும். திறந்தநிலைப் பள்ளியிலோ தனித்தேர்வராகவோ எழுதியிருக்கக் கூடாது என்று முன்பு இருந்தது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பிளஸ் டூ முடித்த பிறகு, அங்கீகாரம் பெற்ற ஒரு போர்டில் பயாலஜியைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம். அந்தத் தேதிக்கு முன் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் டிக் போட்ட பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எம்.பி.பி.எஸ். அந்த டிக்கோடு முடிந்தது, இன்று முடியவில்லை. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் நம்பவில்லை. பிள்ளைகளுக்குக் குரூப் சொல்லிக்கொடுக்கிற ஓர் ஆசிரியரும் நம்பவில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

இதைப் பிடித்துக்கொண்டு யாரும் அவசரப்பட வேண்டாம். நீட்டில் மொத்தம் 720 மார்க். அதில் 360 பயாலஜிக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர் பாதிப் பரீட்சையைப் புதிதாகப் படிக்க வேண்டும், ஒரு வருடமாவது போகும். நர்சிங்குக்கு விதி வகுப்பது வேறு கவுன்சில். இந்த அறிவிப்பை அங்கே நீட்டிப் படிக்கக் கூடாது. டாக்டர் ஆசை இப்போதே மனதில் இருக்கிற பிள்ளை பயாலஜி உள்ள குரூப்பையே கேட்க வேண்டும். நான் சொல்வது, விட்டுப்போனவர்களுக்கு.

விதிகள் மாறும் வேகத்துக்கு உதாரணமாக இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2019 செப்டம்பரில் தமிழக அரசு பிளஸ் ஒன்னுக்கு ஓர் ஆணை போட்டது. நான்கு முக்கியப் பாடங்களுக்குப் பதில் மூன்று எடுத்தால் போதும், மொத்தம் 500 மார்க். கணக்கு பிடிக்காத டாக்டர் ஆசைக்காரர் கணக்கை விடலாம், இன்ஜினீயரிங் போகிறவர் பயாலஜியை விடலாம். எதிர்ப்பு வந்தது, 2020-இல் கைவிட்டார்கள். பழையபடி ஆறு பாடம், 600 மார்க். 2018-இல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் 2025-26 முதல் இல்லை. அதற்காகப் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு நேராகப் பன்னிரண்டுக்குத் தாவும் பள்ளிகளைப் பெற்றோர் தட்டிக்கேட்க வேண்டும். நீட்டும் ஜே.இ.இ.யும் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன.

கணக்கை விடுவதற்கு முன் மட்டும் இரண்டு தரம் யோசியுங்கள். இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் 200-க்குக் கட்-ஆஃப் போடும்போது பாதி, அதாவது 100, கணக்குக்கு. ஆர்க்கிடெக்சருக்குக் கணக்கு வேண்டும். தேசியப் பாதுகாப்பு அகாடமியான என்.டி.ஏ.வில் தரைப்படைக்கு எந்தக் குரூப்பும் போதும்; கடற்படைக்கும் விமானப்படைக்கும் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு மூன்றும் கட்டாயம். பி.ஃபார்ம் மட்டும் தாராளம்: பிசிக்ஸ், கெமிஸ்ட்ரியோடு கணக்கு இருந்தாலும் சரி, பயாலஜி இருந்தாலும் சரி. சட்டப் படிப்பும் சி.ஏ.வும் குரூப்பே கேட்பதில்லை.

இவ்வளவையும் ஒரு தாய் தானாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அமெரிக்காவில் பள்ளிக் கவுன்சலர்களின் சங்கம் 250 மாணவருக்கு ஒரு கவுன்சலர் வேண்டும் என்கிறது. அங்கே பல உயர்நிலைப் பள்ளிகளில் பிள்ளை ஒவ்வொரு வருடமும் அவரோடு உட்கார்ந்து அடுத்த வருடப் பாடங்களை எடுக்கிறது. நம்மிடம் 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல காரியம் செய்கிறது; வழிகாட்டும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களே பாடமும் நடத்தி, பேப்பரும் திருத்தி, சேர்க்கை வேலையும் பார்க்கிறார்கள். இந்த வேலைக்கென்றே ஒருவர் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும், அதுவும் பத்தாம் வகுப்பு அரையாண்டுக்கு முன்பே பிள்ளையோடு பேசுபவராக, இருக்க வேண்டும். மே மாத வரிசையில் இரண்டு நிமிடத்தில் முடிகிற விஷயமில்லை இது.

டைம்டேபிள் அடுத்த வாரம் கட்டாயம். இந்த வாரம் விண்ணப்பம் கொடுக்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். பிள்ளைக்குப் பிடித்த மூன்று படிப்புகளின் தகுதிப் பக்கத்தை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் போங்கள். மூன்று வரியையும் பேனாவால் நிரப்பிக் கொடுங்கள்.