தாயைப் போலப் பிள்ளைதானா?

“தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை” என்பது பழமொழி. அப்படியானால் வறுமையும் குடியும் ஓயாத சண்டையும் நிறைந்த வீட்டில் பிறந்த குழந்தையின் கதி என்ன? அதன் வாழ்க்கை பிறந்த அன்றே முடிவாகிவிட்டதா? இக்கேள்விக்கு ஒரு சிறு தீவில் கிடைத்த விடையைக் காண்போம்.

பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளுள் ஒன்று கவாய். அங்கே கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக ஜப்பான், பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலிருந்து பலர் வந்து குடியேறியிருந்தனர். அத்தீவில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை ஓர் ஆய்வுக் குழு தொடர்ந்து கவனித்து வந்தது. மருத்துவர்கள், செவிலியர்கள், உளவியலார் ஆகியோர் அக்குழுவில் இருந்தனர். குழந்தைகளின் 1, 2, 10, 18 வயதுகளிலும், பின்னர் 30 வயதைத் தாண்டியபோதும், 40 வயதிலும் விவரங்கள் திரட்டப்பட்டன. எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்னும் உளவியல் அறிஞர்கள் இவற்றை ஆராய்ந்து நூல்களாக எழுதினர்.

இக்குழந்தைகளுள் 201 பேர் மிகக் கடினமான சூழலில் பிறந்தவர்கள். வறுமை, பேறுகாலச் சிக்கல், பெற்றோரின் குறைந்த படிப்பு, குடிப்பழக்கம், மனநோய், குடும்பப் பூசல் போன்ற இடர்களுள் நான்கையோ அதற்கு மேலோ அவர்கள் இரண்டு வயதுக்குள் சந்தித்துவிட்டனர். அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் 18 வயதுக்குள் படிப்பிலோ நடத்தையிலோ மனநலத்திலோ பெரும் தொல்லைக்கு உள்ளாயினர். ஆனால் 72 பேர் நன்கு படித்து, தன்னம்பிக்கையும் பிறர்மீது பரிவும் உடைய இளைஞர்களாக வளர்ந்தனர்!

இந்த 72 பேருக்குக் கிடைத்தது என்ன? பெற்றோர் தடுமாறிய வீடுகளிலும், மாறாத அன்பு காட்டிய ஒருவராவது அவர்களுக்கு இருந்தார். பாட்டி, தாத்தா, அத்தை, மாமா, அக்காள் என அந்த ஒருவர் யாராகவும் இருக்கலாம். சிலருக்கு ஓர் ஆசிரியர் வெறும் பாடம் சொல்பவராக மட்டுமின்றி, மனம்விட்டுப் பேசத் தக்கவராகவும் பின்பற்றத் தக்கவராகவும் விளங்கினார். நிலையான வேலைக்குச் சென்று வந்த தாய் பெண் குழந்தைகளுக்கு முன்மாதிரியானாள். ஆண் குழந்தைகளுக்குத் தந்தையோ தாத்தாவோ அண்ணனோ வழிகாட்டியானார். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வது போன்ற பொறுப்புகளும் அவர்களுக்கு உரம் ஊட்டின.

எனினும் அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. இக்குழந்தைகளுள் பலர் கைக்குழந்தைப் பருவத்திலேயே சுறுசுறுப்பும் சிரித்த முகமும் உடையவர்கள். அத்தகைய குழந்தையிடம் பெரியவர்களின் அன்பு எளிதில் செல்கிறது. ஆகவே குழந்தையின் இயல்பும் சூழலும் ஒன்றையொன்று வளர்க்கின்றன எனலாம்.

வழி தவறிய மற்றவர்கள் என்ன ஆயினர்? இங்குதான் ஆய்வு இன்னொரு வியப்பை அளித்தது. அவர்களுள் பெரும்பாலோர் 40 வயதுக்குள் நிமிர்ந்துவிட்டனர். இடையில் விட்ட படிப்பைத் தொடர்ந்ததும், படையில் சேர்ந்து கைத்தொழில் கற்றதும், நல்ல வாழ்க்கைத் துணை வாய்த்ததும் அவர்களுக்குத் திருப்புமுனைகளாயின. பதினெட்டு வயதோடு கதவு அடைபட்டுவிடவில்லை.

பிறக்கும் வீட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் அண்டை வீட்டுச் சிறுவனை நிறுத்தி, “இன்று பள்ளியில் என்ன படித்தாய்?” என்று அன்போடு கேட்க நம் ஒவ்வொருவராலும் முடியும். நாள்தோறும் அப்படிக் கேட்கும் ஒருவர், அவனுக்கு அந்த ஒருவராகவே ஆகிவிடலாம்.