துரோசெரா (தமிழ்நாட்டு இனங்கள்)

துரோசெரா என்பது துரோசெரேசி குடும்பத்தைச் சேர்ந்த பூச்சியுண்ணும் தாவரப் பேரினம் ஆகும். கிரேக்க மொழியில் பனியைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. இலைகளிலுள்ள சுரப்பி மயிர்களின் நுனியில் பசைத்துளிகள் பனித்துளி போல மின்னும். அதில் ஒட்டிக்கொள்ளும் சிறு பூச்சிகளைச் செரித்து, சத்தற்ற மண்ணில் கிடைக்காத நைட்ரசனைச் செடி பெறுகிறது. சார்லசு டார்வின் 1875-இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி வெளியிட்ட நூலின் பெரும்பகுதி இப்பேரினத்தைப் பற்றியதே. தமிழில் இதனை அழுகண்ணி என்பர். அப்பெயர் வேறு செடிகளுக்கும் வழங்குவதால், பெயரை மட்டும் கொண்டு இனத்தை உறுதிசெய்ய இயலாது.

இனங்களை அடையாளம் காணல்

துரோசெரா பர்மானி: தண்டு மிகக் குறுகியது. ஆப்பு வடிவ இலைகள் தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும். பூக்கள் வெண்மை. இலை விளிம்பிலுள்ள நீண்ட மயிர்கள் சில நொடிகளில் வளைந்து பூச்சியைப் பிடிக்கும்.

துரோசெரா இண்டிகா: நிமிர்ந்த தண்டும் நூல் போன்ற நீண்ட இலைகளும் கொண்டது. பூக்கள் இளஞ்சிவப்பு அல்லது வெண்மை.

துரோசெரா பெல்டேட்டா: பழனி மலை, நீலகிரி ஆகியவற்றின் உயரமான புல்வெளிகளில் வளர்வது. மண்ணுக்குள் கிழங்கு இருக்கும். நிமிர்ந்த தண்டில் பிறை வடிவ இலைகள் காம்புடன் அமைந்திருக்கும். ஆசியச் செடிகளைத் துரோசெரா லூனேட்டா என்று தனி இனமாகக் கொள்வோரும் உண்டு.

வளர்ப்பு

இனத்தைச் சரியாக அறிவதே வளர்ப்பின் முதல் படி. தேனி மாவட்டத்தில், மலையடிவாரத்திலுள்ள கடமலைக்குண்டு போன்ற வெப்பமான ஊர்களுக்குப் பர்மானியும் இண்டிகாவும் பொருந்தும். குளிர்ந்த மலையில் வளரும் பெல்டேட்டா அங்கு நிலைப்பது அரிது.

பீட் பாசியுடன் கழுவிய ஆற்றுமணல் கலந்து தொட்டியை நிரப்ப வேண்டும். தொழுவுரமோ இரசாயன உரமோ இட்டால் வேர் கருகிவிடும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரும் ஆகாது. மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் ஏற்றது. விதைகளை மண்ணால் மூடாமல் மேலே தூவி, தொட்டியைச் சிறிது நீருள்ள தட்டில் வைக்க வேண்டும். நல்ல வெயில் தேவை. வெளிச்சமோ காற்றின் ஈரமோ குறைந்தால் பசைத்துளிகள் மறைந்துவிடும். இறைச்சித் துண்டுகளை இலையில் வைத்தால் இலை அழுகும்.

இவ்விரு இனங்களும் பெரும்பாலும் ஓராண்டுச் செடிகள். விதை முற்றியபின் செடி காய்வது இயல்பு. அதை நோய் என எண்ணித் தொட்டியைக் கொட்டிவிட்டால் அடுத்த தலைமுறை விதையும் போய்விடும்.

பாதுகாப்பு

காட்டிலிருந்து பிடுங்கிய செடிகள் வேர் அறுந்து பெரும்பாலும் இறந்துவிடும். விதை விழும் முன் பிடுங்கினால் அவ்விடத்தில் அடுத்த ஆண்டு முளைப்பதும் குறையும். கடமலைக்குண்டுக்கு அருகிலுள்ள மேகமலைக் காடுகள் 2021-இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கும். இத்தகைய காப்பகங்களில் அனுமதியின்றித் தாவரங்களை எடுப்பது வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி குற்றமாகும். வளர்ப்பவர்கள் தொட்டிச் செடிகளில் விளைந்த விதைகளைப் பெற்று வளர்ப்பதே முறை. காட்டுச் செடியை இருந்த இடத்திலேயே படம் எடுத்து, மேற்கூறிய இலை அமைப்பைக் கொண்டு இனத்தை அறியலாம்.