யார் கேட்கலாம்? உளப்பகுப்பாய்வுப் பயிற்சி குறித்து

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன: கி.பி. 919, 921. குடவோலையில் பெயர் எழுதப்பட யாருக்குத் தகுதி என்பதைச் சொல்பவை. இரண்டாவதன்படி, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் கூடாது. பள்ளிப் புத்தகம் இதை ஜனநாயகம் என்று சொல்லிக் கொடுத்தது. சதுர்வேதிமங்கலத்துப் பிராமண சபையின் உள்விவகாரம் என்று சொல்லவில்லை. அந்தச் சுவரைப் பார்த்து வளர்ந்தவனுக்குத் 'தகுதி' என்ற சொல்லைக் கேட்டாலே வெளியே நிறுத்தப்பட்டவன் யார் என்று தேடத் தோன்றும்.

உளப்பகுப்பாய்வாளராகப் பயிற்சி பெற ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறேன். "தமிழ் எம்.ஏ. படிச்சிட்டு இப்ப பைத்தியக்கார டாக்டராப்பா?" என்றார் ஒரு நண்பர். கேள்வி நியாயமானதுதான். எண்பதுகளிலிருந்து நம் சிறுபத்திரிகைகளில் ஃப்ராய்டும் லக்கானும் பெயர்களாக நடமாடுகிறார்கள். பிரதிகளைக் கட்டிலில் படுக்கவைத்தோம்; ஆட்களை இல்லை. இது முதலில் இரண்டு பேர் ஓர் அறையில் இருந்து செய்கிற வேலை என்பதே மறந்துபோயிற்று.

அந்த வேலைக்கு ஆள் எப்படித் தயாராகிறான்? 1920இல் மேக்ஸ் ஐட்டிங்கானும் மற்றவர்களும் பெர்லினில் தொடங்கிய இலவச ஆய்வுக்கூடத்தில் உருவான முறைதான் இன்றும் பெரும்பாலும். பாடம் கேட்பது ஒன்று. மூத்தவர் மேற்பார்வையில் சிலரை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது இன்னொன்று. இரண்டுக்கும் முன்னால், பயில்கிறவன் தானே கட்டிலில் படுக்க வேண்டும்: வாரத்தில் மூன்று, நான்கு, ஐந்து நாள் என்று வருஷக்கணக்கில். ஆய்வாளர் தலைமாட்டில், கண்ணில் படாத இடத்தில் உட்கார்ந்திருப்பார். வாய்க்கு வந்ததைத் தணிக்கையில்லாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தன்னுடைய நனவிலியில் எது அமுக்கப்பட்டிருக்கிறதோ அதை அடுத்தவன் பேசும்போது தன் காது கேட்காது. அதற்காகத்தான் இந்தச் சடங்கு. 1925 மாநாட்டில் இதைச் சர்வதேச விதியாக்க ஒரு குழுவையே அமைத்தார்கள்.

ஆனால் முதல் ஆளை யார் கேட்டது? ஃப்ராய்ட் 1897இல் தன்னைத் தானே ஆராய்ந்துகொண்டார். நம் பக்கத்துக் கதை இன்னும் சுவாரஸ்யமானது. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர், ஒடுக்குதல் பற்றிய தன் ஆய்வேட்டை 1921இல் நூலாக்கி வியன்னாவுக்கு அனுப்பினார். 1922இல் பார்சிபகான் சந்தில் இருந்த தன் வீட்டிலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். 1953இல் சாகும்வரை அவர்தான் தலைவர். யாருடைய கட்டிலிலும் படுத்ததில்லை. ஃப்ராய்டை நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆனால் மற்றவர்களுக்குப் பயிற்சி அளித்தார்! 1929இல் ஃப்ராய்டிடமே மறுத்துப் பேசினார்: காயடிப்பு அச்சம் தன் இந்திய நோயாளிகளிடம் ஐரோப்பாவில் போல் தூக்கலாக இல்லை, பெண்ணாக இருக்கும் ஆசைதான் எளிதில் மேலே வருகிறது என்று. வியன்னாவில் தயாராகியிருந்தால் இந்தத் துணிச்சல் வந்திருக்குமா, தெரியவில்லை. அதேசமயம், அவரைச் சுற்றி இருந்தவர்கள் பெரும்பாலும் வங்காள மேல்சாதிப் படிப்பாளிகள், கூட இரண்டு வெள்ளை ராணுவ அதிகாரிகள். அவர்களில் ஒருவரான பெர்க்லி-ஹில் இந்துக்களின் குணம் முழுவதையும் குதவழிக் காமத்தில் கொண்டுபோய் நிறுத்திக் கட்டுரை எழுதியவர். இந்தக் கூட்டத்தின் காதில் எது விழும், எது விழாது என்று கேட்பது ஃப்ராய்டியக் கேள்விதான்.

மருத்துவம் படிக்காதவன் செய்யலாமா என்பதிலும் சண்டை நடந்திருக்கிறது. தியோடர் ரைக் மேல் வியன்னாவில் போலி மருத்துவப் புகார் எழுந்தபோது, 1926இல் ஃப்ராய்ட் ஒரு புத்தகமே எழுதி அவர் பக்கம் நின்றார். ஆய்வாளன் படிக்க வேண்டியதில் இலக்கியம், தொன்மம், நாகரிக வரலாறு, மத உளவியல் எல்லாம் உண்டு என்றார். தமிழ் எம்.ஏ.க்கு இதைவிடச் சான்றிதழ் வேண்டியதில்லை. அமெரிக்கச் சங்கம் மட்டும் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. நான்கு உளவியலாளர்கள் வழக்குப் போட்டு 1988இல்தான் திறந்தது. ஓரினச் சேர்க்கையாளர்களை விலக்கும் வழக்கத்தைக் கைவிட 1991 ஆயிற்று. அங்கேயும் கல்வெட்டு உண்டு.

என் சிக்கல் வேறு. ஒரு நகரத்து மையத்தில் முன்னோட்டமாகப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாம் ஆங்கிலத்தில். உங்களுடைய முதல் நினைவு என்ன என்று கேட்டார் அந்தப் பெரியவர். கல்வெட்டு வைரமேகத் தடாகம் என்று சொல்கிற எங்கள் ஏரிக்கரையில், எங்கள் நிலத்தில் வேலை செய்த ஒரு கிழவர் என்னைத் தோளில் தூக்கிப்போவதைச் சொன்னேன். வேகமாகப் போகச் சொன்னேன், அவரும் போனார், சிரித்தோம். நன்றாக இருந்தது. பெரியவருக்கும் பிடித்திருந்தது.

செங்கல்பட்டில் பஸ் மாறும்போதுதான் உறைத்தது. நான் சொன்னது "சீக்கிரம் போடா." எனக்கு ஆறு வயது, அவருக்கு அறுபது இருக்கும். அவர் என்னைக் கூப்பிட்டது "சின்னய்யா." ஆங்கிலத்தில் அந்த 'டா' இல்லை. சொல்லும்போது நான் எதையும் மறைக்கவில்லை, மொழியே மறைத்துக் கொடுத்தது. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. ஒடுக்குதல் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவது இந்த நிம்மதியைத்தான். ஆங்கிலத்தில் எனக்கு வாய் தவறுவதுமில்லை. இலக்கணத்தைக் காப்பாற்றுகிற கவனத்தில் வாய் எப்படித் தவறும்?

சரி, ஊரிலேயே தமிழிலேயே ஒருவர் கேட்கிறார் என்றால்? ஆய்வாளர் முகமற்றவராக இருக்க வேண்டும் என்கிறது விதி. இங்கே யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்பது தெரியாமல் ஒருவரோடு டீ குடிக்க முடியாது. பெரியவர் எதிரில் கால் நீட்டிப் படுப்பதே மரியாதைக் குறைவு. நாளை நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, காலனியிலிருந்து ஒருவர் வந்து படுத்தால், மனதில் வந்ததையெல்லாம் என்னிடம் சொல்வாரா? நான் கேட்பதற்கு முன்பே அவர் வாயில் 'சின்னய்யா' உட்கார்ந்திருக்குமே. குறி சொல்பவரிடம் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பேசுவது சாமி. கேட்பதையே தொழிலாகக் கொண்டவனுக்குத்தான் தெரு பிரச்சினை.

ஆகவே என் ஆயத்தம் இப்போதைக்குப் புத்தகத்தில் இல்லை. கனவுகளை எங்கள் வீட்டுப் பேச்சிலேயே நோட்டில் எழுதிவைக்கிறேன், ஏன்டா போடாவோடு. கட்டணத்தையும் வாரம் நான்கு நாள் பஸ் செலவையும் கூட்டிப் பார்த்து, இரண்டு வருஷத்துக்குத் தாக்குப்பிடிக்குமா என்று கணக்குப் போடுகிறேன். அந்த மையத்துக்கும் மறுபடி எழுதியிருக்கிறேன், தமிழில் கேட்கிற ஆய்வாளர் வேண்டும் என்று. இன்னும் பதில் இல்லை.