பட்டன் இல்லையா... மவுசும் இல்லை!

ஒரு சின்ன டெஸ்ட்!

அமெரிக்காவில் ஒரு வீட்டு வாசல். பழைய சாமான்களை மேஜை போட்டு விற்கிறார்கள். அங்கே வீக் எண்ட் வந்தால் இது சகஜம். ஒரு தகர டப்பாவுக்குள் இரண்டு ராட்செட் கிடக்கின்றன. ஒரே கம்பெனி, ஒரே சைஸ், இரண்டுமே நல்ல கண்டிஷன். ஒன்று 1950-களில் செய்தது. இன்னொன்று 1970-களில் செய்தது. எதுக்கு விலை அதிகம்?

"பழசுதான் பாஸ்! அந்தக் காலத்து இரும்பாச்சே!"னு சொன்னீங்கன்னா... ஸாரி, அரியர்! வேலை செய்ய வாங்குகிறவர் கை பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எடுக்கும். காரணம், அதன் முதுகில் இருக்கும் ஒரு குட்டி பட்டன்.

மெக்கானிக்கல் அல்லாத மக்களுக்கு ஒரு இன்ட்ரோ. டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் 'கிர்ர்... கிர்ர்...'னு சத்தம் போட்டபடி நட்டு கழற்றுமே, அந்தக் கைப்பிடிதான் ராட்செட். ஒரு பக்கம் திருப்பினால் நட்டு சுற்றும். மறுபக்கம் திருப்பினால் கைப்பிடி மட்டும் சும்மா திரும்பி வரும். அதனால் ஸ்பேனரை எடுத்து எடுத்து மாட்ட வேண்டியதில்லை. அதன் தலையில் ஒரு சதுரக் கட்டை நீட்டிக்கொண்டிருக்கும். நட்டு சைஸுக்கு ஏற்ற சாக்கெட்டை அதில் மாட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவு சிம்பிளான ஒரு பொருளில் பழசு, புதுசு என்று என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? நிறையவே இருக்கு!

பல்லைப் பிடிச்சுப் பார்க்கணும்!

மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்ப்பாங்க இல்லையா... ராட்செட்டுக்கும் அதே கதைதான். உள்ளே இருக்கும் சக்கரத்தில் எத்தனை பல் என்பது முக்கியம். 24 பல் இருந்தால், 360-ஐ 24-ஆல் வகுங்க... 15 டிகிரி. அதாவது, கைப்பிடியைக் குறைந்தது 15 டிகிரி ஆட்டினால்தான் அடுத்த பல்லில் மாட்டும். 36 பல் என்றால் 10 டிகிரி. 72 பல் என்றால் வெறும் 5 டிகிரி!

திறந்த வெளியில் இது பெரிய விஷயமே இல்லை. ஆனால், கார் இன்ஜினுக்குள் கை நுழையவே இடம் இருக்காது. அங்கே 15 டிகிரி ஆட்ட வழியில்லை என்றால் ராட்செட்டை வச்சுக்கிட்டு என்ன செய்ய? பழைய ராட்செட்களில் பலவற்றுக்குப் பல் கம்மி. இப்போது 72 பல், 80 பல் எல்லாம் சர்வசாதாரணம். ஸ்னாப்-ஆன் கம்பெனியின் 80 பல் ராட்செட்டுக்கு 4.5 டிகிரி ஆட்டம் போதும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. நட்டு ஓரளவு லூஸ் ஆனதும், உள்ளே இறுக்கமாக இருக்கும் ராட்செட்டைப் பின்னால் கொண்டு வந்தால், நட்டும் கூடவே திரும்பி வந்துவிடும். ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே! கடைசியில் விரலால் சுற்றித்தான் கழற்றணும்.

ஜோடி கிடைக்காத ராட்செட்

இன்றைக்குக் கைக்கருவிகளில் அதிகம் புழங்கும் சதுரக் கட்டை சைஸ் 1/4, 3/8, 1/2 இன்ச். ஆனால், ஒரு காலத்தில் 9/32 இன்ச், 7/16 இன்ச் என்றெல்லாம் அமெரிக்காவில் விற்றார்கள். 9/32 என்பது கால் இன்ச்சை விட ஒரு நூலிழை பெரிசு. அவ்வளவுதான்! ஆனால், இன்றைய கால் இன்ச் சாக்கெட் அதில் ஏறாது. ராட்செட் எவ்வளவு பளபளன்னு இருந்தாலும், மாட்ட சாக்கெட் இல்லைன்னா அது பேப்பர் வெயிட்தான்.

அடுத்தது, ஸ்பேர் பார்ட்ஸ். ராட்செட்டின் வெளிக்கூடு சீக்கிரம் சாகாது. உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங், பல்லில் மாட்டும் கொக்கி... இவைதான் தேயும். அதற்கான ரிப்பேர் கிட் இன்னும் கிடைக்கிற மாடலுக்கு மதிப்பு நிற்கும். ஸ்னாப்-ஆன் டீலர்கள் ஒர்க்‌ஷாப் வாசலுக்கே வேனில் வந்து போவதால், அவர்களுடைய செகண்ட் ஹேண்ட் சரக்குக்கும் கிராக்கி. மூடிப்போன கம்பெனி ராட்செட்டில் ஸ்பிரிங் போனால்... எடைக்குத்தான்.

விதிவிலக்கும் இருக்கு. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் குரோமுக்குத் தட்டுப்பாடு வந்ததால் பளபளப்பு இல்லாமல் வந்த டூல்ஸ், இப்போது இல்லாத பெயர் பொறித்த டூல்ஸ் இதையெல்லாம் தேடிப் பிடிக்க கலெக்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பல்லையும் எண்ண மாட்டார்கள், பட்டனையும் தேட மாட்டார்கள். ஆனால், லட்சக்கணக்கில் தயாரான சாதா ராட்செட்டை கலெக்டரும் சீண்ட மாட்டார், மெக்கானிக்கும் சீண்ட மாட்டார்.

சரி, அந்த பட்டன்?

சாக்கெட் நழுவாமல் பிடித்துக்கொள்ள அந்தச் சதுரக் கட்டையில் ஒரு குட்டி இரும்பு உருண்டை இருக்கும். பிடிப்பு நல்லதுதான். ஆனால், கை முழுக்க கிரீஸ் இருக்கும்போது சாக்கெட்டைப் பிடுங்கிப் பாருங்க... உயிர் போய்விடும்! பட்டன் வைத்த ராட்செட்டில் கட்டை விரலால் ஒரு அமுக்கு. உருண்டை உள்ளே போகும், சாக்கெட் கழன்று விழும். ஒரு கையே போதும். 'வேலை நடுவில் தெரியாமல் அமுக்கிவிடுவோம், பட்டனே வேண்டாம்' என்கிற மெக்கானிக்குகளும் உண்டு. ஆனால், ஒரு தடவை பழகிய கை பொதுவாகத் திரும்பிப் போவதில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் பெரிய விஞ்ஞானி இல்லை. பீட்டர் ராபர்ட்ஸ். வயசு 18. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கார்ட்னர் ஊரில் இருந்த சியர்ஸ் கடையில் கிளார்க். படிப்பு ஹைஸ்கூல். 1963-ல் ஓய்வு நேரத்தில் செய்து பார்த்த ஐடியா இது. 'கிராஃப்ட்ஸ்மேன்' என்ற பெயரில் டூல்ஸ் விற்ற அதே சியர்ஸிடமே கொண்டுபோய்க் காட்டினார்.

"இதில் பெரிசா எதுவும் இல்லை" என்கிற ரீதியில் பேசிய சியர்ஸ், 1965-ல் ஒரு ஒப்பந்தம் போட்டது. ஒரு ராட்செட்டுக்கு 2 சென்ட். அதிகபட்சம் 10,000 டாலர். அதோடு உரிமை முழுவதும் கம்பெனிக்கு. கையெழுத்தான சில நாட்களிலேயே வாரத்துக்கு 44,000 ராட்செட் தயாரானது! ஒன்பதே மாதத்தில் 5 லட்சம் விற்று, அந்த 10,000 டாலர் கணக்கும் முடிந்தது. 1975-க்குள் விற்றது 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேல். பல ராட்செட்களை பட்டனுக்காகவே ஒன்றிரண்டு டாலர் கூடுதல் லாபம் வைத்து விற்றார்கள். ராபர்ட்ஸுக்கு அதில் ஒரு சென்ட் கிடையாது.

ராபர்ட்ஸ் கோர்ட்டுக்குப் போனார். சியர்ஸ் அவரை ஏமாற்றியதாக ஜூரி சொன்னது. 10 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பை 1978-ல் அப்பீல் கோர்ட்டும் உறுதி செய்தது. அதற்கப்புறமும் இழுத்துக்கொண்டே போன வழக்கு 1989-ல் சமரசத்தில் முடிந்தபோது, அந்த 18 வயசுப் பையனுக்கு நாற்பது தாண்டியிருந்தது.

ஒரு பொருள் பழசானதால் மட்டும் விலை குறைவதில்லை. அதைவிட நல்ல ஐடியா ஒன்று பின்னால் வரும்போதுதான் குறைகிறது. அந்த ஐடியா யாருக்கு வேண்டுமானாலும் வரலாம்... கடையில் பில் போடுகிற பையனுக்கும், லாஸ்ட் பெஞ்ச்சில் இருக்கும் உங்களுக்கும். ஃபைனல் இயர் புராஜெக்ட்டைப் பார்த்துட்டு ஏதாவது கம்பெனி "ஒண்ணும் பெரிசா இல்லை தம்பி, சும்மா ஒரு கையெழுத்து போடுங்க"ன்னு பேப்பரை நீட்டினா, பேனாவை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க...

பெரிசா ஒண்ணும் இல்லைன்னா, கையெழுத்து எதுக்கு?