மணம் வராத கடை

ஊட்டிக்குச் சுற்றுலா வருபவர் தொட்டபெட்டா பக்கம் உள்ள தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கிறார். கொழுந்து வாடுவதையும், அரைபடுவதையும், கறுத்துத் தூளாவதையும் பார்த்து முடித்ததும் சிறு கோப்பையில் சூடான தேநீர் கைக்கு வருகிறது. வாசலைத் தாண்டுவதற்குள் கால் கிலோ பொட்டலம் பைக்குள் போய்விடுகிறது. அதே தூளை இணையக் கடையில் வைத்தால் கேட்பாரற்றுக் கிடக்கிறது. படம் சரியில்லை, விளம்பரம் போதவில்லை, தள்ளுபடி கொடுக்கவில்லை என்று கடைக்காரர் காரணம் தேடுகிறார். முதல் காரணம் அந்தக் கோப்பைதான் என்பது என் கருத்து. மலையில் அது விற்பனைக்கு முன்னால் வருகிறது; இணையத்தில் பணம் கட்டிய பிறகு வருகிறது.

பொருளியலாளர் பிலிப் நெல்சன் 1970-இல் பொருள்களை இரண்டு வகையாகப் பிரித்தார். வாங்கும் முன்பே பார்த்து விசாரித்துத் தரத்தை அறியக்கூடியவை ஒரு வகை, பயன்படுத்திய பிறகே தரம் தெரிபவை இன்னொரு வகை. தேயிலை சந்தேகமில்லாமல் இரண்டாம் வகை. நீலகிரித் தேயிலையின் மலர்மணத்துக்கு லினலூல், ஜெரானியால் போன்ற ஆவியாகும் சேர்மங்கள் காரணம். சுடுநீர் பட்டதும் இவை மூக்கை எட்டுகின்றன. விழுங்கும்போது தொண்டையின் பின்வழியே மறுபடியும் மூக்குக்கு ஏறுகின்றன. நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு இந்த மணம்தான். திரையில் தெரிவதோ கறுப்புத் தூளின் படம். சென்ற மாதம் தயாரித்ததும், ஈரம் ஏறி மணம் செத்துப்போனதும் அதில் ஒன்றுபோலவே இருக்கும். இப்படி நல்லதையும் மட்டத்தையும் பிரித்தறிய முடியாத சந்தையில் என்ன ஆகும் என்று அதே 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் விளக்கினார் (2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்). வாங்குபவர் நடுத்தரச் சரக்குக்கான விலையைத்தான் தருவார். நல்ல சரக்கு வைத்திருப்பவருக்கு அது கட்டாது, அவர் ஒதுங்கிவிடுவார், மட்டமானது மிஞ்சும். ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சைத் தேயிலை வேண்டும். அதைப் பறித்துத் தரும் சிறு விவசாயிக்கு நல்ல விலை கொடுக்க நினைக்கும் கடைதான் இந்தச் சுழலில் முதலில் அடிபடும். தள்ளுபடி அங்கே மருந்தாகாது. ‘இதுவும் மட்டச் சரக்குதான் போல’ என்ற ஐயத்தையே வளர்க்கும்.

இந்தச் சிக்கலுக்கான தீர்வு பல ஆண்டுகளாகக் குன்னூரிலேயே இருக்கிறது. 1963 முதல் அங்கே தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு முன்பே ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சாம்பிள் எடுத்து வாங்குபவர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் சத்தமாக உறிஞ்சித் துப்பி, அதன் பிறகே டேஸ்டர் விலையை மனதில் குறித்துக்கொள்வார். 2003-இல் கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் தூளை விற்க டீசர்வ் அமைப்பு மின்னணு ஏலத்தைத் தொடங்கியது. பிறகு தேயிலை வாரியத்தின் மின்னணு ஏலமும் வந்தது. சுத்தியல் போய்த் திரை வந்தது, ஆனால் சாம்பிள் அனுப்புவது நிற்கவில்லை. வாழ்நாளெல்லாம் தேயிலையோடு புழங்கிய வியாபாரியே குடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. சேலத்திலோ மதுரையிலோ இருக்கும் புதிய வாடிக்கையாளர் மட்டும் படத்தைப் பார்த்து வாங்கிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

சாம்பிளுக்கு அதிகம் தேவையில்லை. தேநீரைச் சுவைத்துப் பார்ப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 3103 தரநிலை 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் என்கிறது. 10 கிராம் இருந்தால் நாலைந்து சிறு கோப்பைகள் போடலாம். தபால் உறைக்குள் அடங்கிவிடும். வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட மாட்டார்களா என்ற கேள்வி எழும். இலவசமாகத் தர வேண்டியதில்லை. சிறு தொகை வாங்கிக்கொண்டு, முதல் பொட்டலத்தின் விலையில் அதைக் கழித்துக்கொள்ளலாம். பெரிய கம்பெனிகள் சாம்பிள் இல்லாமலே இணையத்தில் விற்கவில்லையா என்றும் கேட்பார்கள். விற்கின்றன, அவற்றின் சாம்பிளை மளிகைக் கடைகளும் டீக்கடைகளும் பல ஆண்டுகளாக மக்களுக்குக் கொடுத்து முடித்துவிட்டன.

சாம்பிளைவிடவும் கவனிக்கப்படாத ஒன்று உண்டு: தேநீர் போடும் முறை. நம் வீடுகளில் டீ என்றால் சி.டி.சி. தூளை (இலையை நசுக்கிக் கிழித்துச் சிறு மணிகளாகச் சுருட்டியது) பாலோடு கொதிக்கவைப்பது. 2008-இல் புவிசார் குறியீடு பெற்ற நீலகிரி ஆர்த்தடாக்ஸ் (இலையை உருட்டித் தயாரிக்கும் பழைய முறைத் தேயிலை) அந்தக் கொதிக்கு ஏற்றதல்ல. பாலில் போட்டுக் காய்ச்சினால் மணம் ஆவியோடு போய்விடும், மிஞ்சுவது வெளிறிய டீ. ‘சப்பென்று இருக்கிறது’ என்று ஒற்றை நட்சத்திரம் விழும். தவறு தூளிலும் இல்லை, வாங்கியவரிடமும் இல்லை. பால் சேர்ப்பீர்களா என்று கடை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இந்த நட்சத்திரங்கள் சில்லறை விஷயமல்ல. பால் ரெஸ்னிக் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரியான பழைய அஞ்சல் அட்டைகளை ஈபேயில் நற்பெயர் பெற்ற கணக்கிலும் புதிய கணக்குகளிலும் விற்றுப் பார்த்தார்கள். நற்பெயர் கணக்குக்குச் சுமார் 8 சதவீதம் கூடுதல் விலை கிடைத்தது. கண்ணால் பார்த்து மதிப்பிடக்கூடிய அட்டைக்கே இந்த வேறுபாடு.

அப்படியானால் அமேசான் போன்ற பெருந்தளத்தில் சேர்ந்துவிட்டால் போதாதா என்பது வலுவான கேள்விதான். அங்கே கூட்டம் உண்டு, பணத்துக்குப் பாதுகாப்பும் உண்டு. ஆனால் வாங்கியவர் தளத்தின் வாடிக்கையாளராகவே இருப்பார். அடுத்த கொழுந்து வந்த செய்தியை அவருக்கு நேராகச் சொல்ல வழியில்லை. பிரித்துக் குடித்தால் தீர்ந்துபோகும் பண்டத்துக்கு வருமானமே இரண்டாவது, மூன்றாவது பொட்டலத்தில்தான். முதல் விற்பனைக்குத் தளம் உதவட்டும், அதையே முழுதும் நம்பியிருக்க வேண்டாம்.

கூரியர் செலவு தனித் தலைவலி. இணையக் கூடையில் போட்ட பொருள்களைச் சுமார் 70 சதவீதம் பேர் வாங்காமலே விட்டுச் செல்கிறார்கள் என்பது பேமார்ட் நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் கணக்கு. முடிவில் முளைக்கும் கூடுதல் செலவு முக்கியக் காரணம். முழு இலைத் தேயிலை எடை குறைவு, இடம் அதிகம். கூரியர்கள் பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, எது கூடுதலோ அந்த எடைக்குப் பணம் வாங்குவதுண்டு. 20, 15, 10 அளவுள்ள பெட்டியில் கால் கிலோ தேயிலை வைத்தால் கணக்கில் அது 600 கிராம்; அரைக் கிலோ எல்லையைத் தாண்டிவிட்டது. அழகான பெட்டியைவிடத் தட்டையான, காற்றுப்புகாத பொட்டலம் மேல். அனுப்பும் செலவையும் சேர்த்த விலையை முதல் பக்கத்திலேயே எழுதிவிடலாம்.

மலைக்கு வருபவர்களை மட்டும் நம்பவும் முடியாது. 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் தினசரி எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. மலை தாங்கும் அளவுதான் வண்டிகள் வரலாம் என்பது சரியே. ஆனால் வாசலில் நின்று தேநீர் குடித்துவிட்டு வாங்குபவர்களை மட்டும் நம்பிக் கடை வளர முடியாது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, உறைபனிக் குளிரில் செடி மெதுவாக வளரும் நாட்களில் பறிக்கும் கொழுந்துக்கு மணம் மிகுதி. பறித்த மாதத்தைப் பொட்டலத்தின் மேல் பெரிதாக அச்சிட்டு, ‘ஜனவரிக் கொழுந்து வந்துவிட்டது’ என்று சென்ற ஆண்டு வாங்கியவர்களுக்கு ஒரு வரி அனுப்பலாம். அந்த மணம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.