பேஜ் நம்பரை டைப் அடிக்காதீங்க: ஸ்கிரீன் ரீடரோடு வேர்டில் புராஜெக்ட் ரிப்போர்ட்

ஃபைனல் இயர் ரிப்போர்ட்டை பைண்டிங் கடையில் கொடுப்பதற்கு முந்தைய நாள், முழு டீமும் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. கோடிங்கும் இல்லை, சர்க்யூட்டும் இல்லை. பேஜ் நம்பர்தான். முன்பக்கங்களுக்கு ரோமன் எண், முதல் அத்தியாயத்திலிருந்து 1, டைட்டில் பேஜில் எண்ணே தெரியக் கூடாது. மவுஸை வைத்து எங்கெங்கோ கிளிக் செய்து, எப்படியோ ஒருவழியாகக் கொண்டுவந்துவிடுவார்கள்.

என்விடிஏ அல்லது ஜாஸ் வைத்து வேலை செய்யும் பார்வையற்ற மாணவருக்கு இந்த "எப்படியோ" உதவாது. நாற்பது பக்கம் தானே எழுதியிருப்பார். கடைசியில் இந்த ஒரு வேலைக்காக மட்டும் "மச்சான், கொஞ்சம் பேஜ் நம்பர் போட்டுக் கொடுடா" என்று கேட்க வேண்டிய நிலை. உதவி கேட்பது தப்பே இல்லை. ஆனால் இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை. முழுக்க கீபோர்டிலேயே முடியும், சரியாக வந்திருக்கிறதா என்று காதாலேயே சரிபார்க்கவும் முடியும். வேர்டு பக்க எண்ணை எப்படி யோசிக்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் போதும்.

முதலில் மூன்று விஷயம்

ஒன்று: பக்க எண் என்பது ஒரு ஃபீல்ட். நீங்கள் "5" என்று டைப் செய்தால் அது வெறும் எழுத்து. முன்னால் ஒரு பத்தி சேர்த்தால் பக்கம் நகரும், அந்த 5 நகராது. ஃபீல்ட் போட்டால், "இது எத்தனையாவது பக்கம்?" என்ற கேள்வியை வேர்டு ஒவ்வொரு பக்கத்திலும் தனக்குத்தானே கேட்டு விடையைக் காட்டும்.

இரண்டு: அந்த ஃபீல்ட் இருக்க வேண்டிய இடம் ஹெடர் அல்லது ஃபூட்டர். இது உங்கள் பத்திகளோடு சேராத தனி அடுக்கு. அம்புக்குறி கீயை அழுத்தி ஆவணத்தைப் படித்துக்கொண்டே போனால் ஸ்கிரீன் ரீடர் அதற்குள் போகாது. "நம்பர் போட்டேன், ஆனா கேக்கவே இல்லையே" என்ற குழப்பம் இதனால்தான் வருகிறது. ஹெடரைத் திறந்தால்தான் கேட்கும்.

மூன்று: எண் எந்த வடிவத்தில் வரும், எதிலிருந்து தொடங்கும் என்பதை முடிவு செய்வது செக்‌ஷன். ஒரு ஆவணத்துக்குள் ரோமனும் சாதாரண எண்ணும் வேண்டுமென்றால் இரண்டு செக்‌ஷன் வேண்டும். பாதிப் பிரச்சினை இந்த இடத்தில்தான்.

கீ அழுத்தும் முறை

கீழே "ஆல்ட், என், எச், இ" என்று கமா போட்டு எழுதியிருந்தால் ஒவ்வொன்றாக அழுத்தி விட வேண்டும். "ஆல்ட் + ஷிஃப்ட்" என்று கூட்டல் குறி இருந்தால் சேர்த்து அழுத்த வேண்டும். தமிழில் எழுதும்போது இரண்டு "பி"யும் ஒன்றாகிவிடுவதால், போனில் சொல்வது போல "பேப்பர் பி", "பஸ் பி" என்று பிரித்திருக்கிறேன். எல்லாமே விண்டோஸில் ஓடும் ஆங்கில வேர்டுக்கானவை.

சாதாரண அசைன்மென்ட்டுக்கு

ஒரே வகை எண், எல்லாப் பக்கத்திலும் கீழே வந்தால் போதும் என்றால் அரை நிமிட வேலை. ஆல்ட், என், என், யு அழுத்தினால் பேஜ் நம்பர் மெனு திறக்கும். பஸ் பி அழுத்தினால் பக்கத்தின் அடிப்பகுதி. அதில் வரும் பட்டியலில் பிளெயின் நம்பர் 1 இடது பக்கம், 2 நடு, 3 வலது. வேண்டியதில் என்டர். கர்சர் இப்போது ஃபூட்டருக்குள் இருக்கும். எஸ்கேப் அழுத்தினால் ஆவணத்துக்குத் திரும்பிவிடலாம்.

புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு

அண்ணா பல்கலைக்கழக ரிப்போர்ட் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். பக்க எண் மேலே வலது மூலையில். முன்பக்கங்களுக்குச் சிறிய ரோமன் எண்கள். டைட்டில் பேஜ் கணக்கில் முதல் பக்கம், ஆனால் அதில் எண் அச்சாகாது. முதல் அத்தியாயத்திலிருந்து 1, 2, 3. உங்கள் துறை வேறு மாதிரி கேட்கலாம், கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதல் அத்தியாயத்தின் தலைப்புக்கு முன்னால் கர்சரை வையுங்கள். ஆல்ட், பேப்பர் பி, பஸ் பி, என். இது "நெக்ஸ்ட் பேஜ்" வகை செக்‌ஷன் பிரேக். ஏற்கெனவே கண்ட்ரோல் + என்டர் கொடுத்து அங்கே பக்கத்தைப் பிரித்திருந்தால் அதை முதலில் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஒரு வெற்றுப் பக்கம் வந்து நிற்கும்.

2. கண்ட்ரோல் + ஜி அழுத்தி, 2 என்று டைப் செய்து என்டர், பிறகு எஸ்கேப். டைட்டில் பேஜைத் தாண்டி இரண்டாம் பக்கத்துக்கு வந்துவிட்டீர்கள். ஆல்ட், என், எச், இ அழுத்தினால் ஹெடர் திறக்கும்.

3. இப்போது ஆல்ட்டை மட்டும் ஒருமுறை அழுத்தி, டேப் கீயால் நகர்ந்து "டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ்" என்ற செக் பாக்ஸைக் கண்டுபிடியுங்கள். ஸ்பேஸ் அழுத்தித் தேர்வு செய்யுங்கள். டைட்டில் பேஜில் எண் வராமல் தடுப்பது இதுதான். முதல் பக்கத்தில் நின்று செய்யாமல் இரண்டாம் பக்கத்தில் நின்று செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் பக்கத்தில் நின்றால், அடுத்துப் போடப்போகும் எண் டைட்டில் பேஜின் தனி ஹெடருக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

4. கர்சர் ஹெடருக்குள் இருப்பதை உறுதி செய்துகொண்டு, கண்ட்ரோல் + ஆர். வலது பக்கம் ஒதுங்கிவிடும். பிறகு ஆல்ட் + ஷிஃப்ட் + பேப்பர் பி. பக்க எண் ஃபீல்ட் அந்த இடத்தில் விழும். பட்டியல், படம் எதுவும் இல்லாத நேர்வழி இது. ஸ்கிரீன் ரீடர் பயனர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே கீ என்றால் இதைத்தான் சொல்வேன்.

5. அங்கே இருந்தபடியே ஆல்ட், என், என், யு, எஃப். "பேஜ் நம்பர் ஃபார்மட்" பெட்டி திறக்கும். நம்பர் ஃபார்மட்டில் கீழ் அம்புக்குறியால் ரோமன் எண்ணுக்கு வந்து என்டர். பிறகு எஸ்கேப் அழுத்தி வெளியே வாருங்கள்.

6. மறுபடி கண்ட்ரோல் + ஜி. இந்த முறை பேப்பர் பி, 1, எஸ், 2 ஆகிய நான்கையும் இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர், எஸ்கேப். "இரண்டாம் செக்‌ஷனின் முதல் பக்கம்" என்று அர்த்தம். இப்போது முதல் அத்தியாயத்தில் இருக்கிறீர்கள். ஆல்ட், என், என், யு, எஃப். ஃபார்மட்டை 1, 2, 3 என்று வையுங்கள். டேப் கீயால் "ஸ்டார்ட் அட்" வரை போய் 1 என்று டைப் செய்து என்டர்.

அவ்வளவுதான். இரண்டாம் செக்‌ஷனின் ஹெடரில் நாம் எதுவுமே போடவில்லையே என்று தோன்றலாம். போடத் தேவையில்லை. புதிய செக்‌ஷனின் ஹெடர், முந்தையதோடு இணைந்தே பிறக்கும். ஃபீல்ட் தானாக வந்துவிடும். வடிவமும் தொடக்கமும் மட்டும் செக்‌ஷனுக்குச் செக்‌ஷன் மாறும். இது தெரியாமல் அங்கேயும் ஒருமுறை ஃபீல்ட் போட்டால் 1 இருக்க வேண்டிய இடத்தில் 11 வரும். அத்தியாயங்களுக்கு எண் வேறு இடத்தில், உதாரணமாகக் கீழே, வர வேண்டும் என்றால் மட்டும் "லிங்க் டு பிரீவியஸ்" பட்டனை ஆஃப் செய்தால் போதும்.

காதால் சரிபார்ப்பது

மூன்று பக்கங்களைப் பார்த்தால் போதும்: டைட்டில் பேஜ், இரண்டாம் பக்கம், முதல் அத்தியாயம். ஒவ்வொன்றிலும் ஆல்ட், என், எச், இ அழுத்திக் கேளுங்கள். டைட்டில் பேஜில் ஹெடர் காலியாக இருக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தில் ரோமன் இரண்டு. அத்தியாயத்தில் 1.

ரோமனில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிறிய எழுத்தா பெரிய எழுத்தா என்று மொத்தமாகக் கேட்டால் தெரியாது. இடது, வலது அம்புக்குறியால் எழுத்து எழுத்தாகக் கேளுங்கள். பெரிய எழுத்து வந்தால் என்விடிஏ குரலைச் சற்று உயர்த்திப் படிக்கும். குரல் ஏறவில்லை என்றால் சிறிய எழுத்துதான்.

எழுதும்போதே எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று தெரிய வேண்டுமா? என்விடிஏ கீ + கண்ட்ரோல் + டி அழுத்தினால் டாக்குமெண்ட் ஃபார்மட்டிங் அமைப்புகள் திறக்கும். அங்கே "பேஜ் நம்பர்ஸ்" தேர்வாகியிருந்தால், பக்கம் மாறும்போது அதுவே சொல்லும்.

அடிக்கடி வரும் இரண்டு தொல்லைகள்

பெரிய அட்டவணைக்காக நடுவில் ஒரு பக்கத்தை லேண்ட்ஸ்கேப்பாக மாற்றுவோம். அதற்கும் செக்‌ஷன் பிரேக் வேண்டும். பிரிக்கும்போது பழைய செக்‌ஷனின் "1-லிருந்து தொடங்கு" என்ற அமைப்பும் சேர்ந்து வந்துவிடும். 23-ஆம் பக்கத்துக்கு அடுத்தது திடீரென்று 1 ஆகிவிடும். புதிதாகப் பிறந்த ஒவ்வொரு செக்‌ஷனிலும் நின்று, அதே பேஜ் நம்பர் ஃபார்மட் பெட்டியில் "கன்டினியூ ஃப்ரம் பிரீவியஸ் செக்‌ஷன்" என்று மாற்றுங்கள்.

அடுத்தது பொருளடக்கம். இதையும் கையால் டைப் செய்யாதீர்கள். அத்தியாயத் தலைப்புகளுக்கு கண்ட்ரோல் + ஆல்ட் + 1, உட்தலைப்புகளுக்கு கண்ட்ரோல் + ஆல்ட் + 2 என்று ஹெடிங் ஸ்டைல் கொடுத்துவிட்டால், ரெஃபரன்சஸ் மெனுவிலிருந்து டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ் தானே உருவாகும். கடைசித் திருத்தம் முடிந்ததும் கர்சரை அதற்குள் வைத்து எஃப் 9 அழுத்துங்கள். எண்கள் புதுப்பிக்கப்படும்.

பிடிஎஃப் ஆக்கும்போது

எஃப் 12 அழுத்தி, ஃபைல் வகையில் பிடிஎஃப் தேர்வு செய்யுங்கள். பிரின்ட் வழியாக பிடிஎஃப் எடுத்தால் ஹெடிங் அமைப்பு காணாமல் போகும், பிறகு ஸ்கிரீன் ரீடரில் அந்த ஃபைலுக்குள் தாவித் தாவிப் போக முடியாது. பிடிஎஃப்பைத் திறந்ததும் பக்க எண் கேட்கவில்லை என்று பதற வேண்டாம். ஹெடரையும் ஃபூட்டரையும் வாசிப்பு வரிசையில் சேர்க்காமல் ஒதுக்கி வைப்பதுதான் முறை. எண் அச்சில் இருக்கும்.

லிபர் ஆபிஸ் பயன்படுத்துபவர்களுக்கு

யோசனை இதேதான், பெயர்தான் வேறு. அங்கே செக்‌ஷனின் வேலையைப் பேஜ் ஸ்டைல் செய்கிறது. இன்செர்ட் மெனுவில் ஹெடரைத் திறந்து, அதே மெனுவின் ஃபீல்ட் பகுதியிலிருந்து பேஜ் நம்பர். அத்தியாயம் தொடங்கும் இடத்தில் மோர் பிரேக்ஸ், மேனுவல் பிரேக். அந்தப் பெட்டியிலேயே புதிய பேஜ் ஸ்டைலையும் தொடக்க எண்ணையும் கொடுத்துவிடலாம்.

டீம் நண்பர்களுக்கு

கடைசியாக, ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே ஃபைலில் நால்வர் வேலை செய்யும்போது, நீங்கள் என்டரைத் தட்டித் தட்டிப் பக்கத்தை நகர்த்தினால், உங்கள் நண்பருக்குக் கேட்பது "பிளாங்க், பிளாங்க், பிளாங்க்". தலைப்பை போல்டு செய்து பெரிதாக்கி மட்டும் விட்டால், அவருக்கு அது தலைப்பே இல்லை. ஹெடிங் ஸ்டைல், கண்ட்ரோல் + என்டர், ஃபீல்ட் இந்த மூன்றையும் பழகிக்கொள்ளுங்கள். ஃபார்மட்டிங் பொறுப்பை அவரிடமே கொடுத்தும் பாருங்கள். பைண்டிங் கடைக்குப் போவதற்கு முந்தைய ராத்திரி எல்லாருமே கொஞ்சம் தூங்கலாம்.