சிலுவையடியில் நின்ற படைவீரர்கள் யார்?



சிலுவைப்பாதைப் படங்களில் ஈட்டியோடு நிற்கும் படைவீரர்களைப் பார்த்ததும், உரோமை நகரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்று எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை.

உரோமைப் பேரரசின் படை இருவகைப்பட்டது. ஒன்று இலேகியோன். கெரசேனர் பகுதியில் தீய ஆவி பிடித்தவர் தம் பெயர் என்று சொன்னாரே, அதே சொல்தான். ஏறத்தாழ 5,000 பேர் கொண்ட அந்தப் படையில் சேர உரோமைக் குடியுரிமை வேண்டும். மற்றொன்று துணைப்படை. பேரரசுக்கு உட்பட்ட நாடுகளில், குடியுரிமை இல்லாத மக்களிடமிருந்து பெரும்பாலும் திரட்டப்பட்டது.

பிலாத்துவின் காலத்தில் யூதேயாவில் ஓர் இலேகியோன்கூட நிலைகொண்டிருக்கவில்லை. அவை வடக்கே சிரியாவில், அங்கிருந்த பெரிய ஆளுநரின் கையில் இருந்தன. பிலாத்து அவரைவிடத் தாழ்ந்த நிலையில் இருந்தவர். பதவிப் பெயர் 'பிரிஃபெக்ட்'. 1961-இல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டு இதை உறுதி செய்கிறது. அவரிடம் இருந்தது துணைப்படைதான்.

அந்த வீரர்கள் எந்த ஊரார்? கி.பி. 44-ஆம் ஆண்டைப் பற்றி எழுதும் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு, 5 காலாட்படைப் பிரிவுகளையும் 1 குதிரைப்படைப் பிரிவையும் குறிப்பிடுகிறார். அவர்கள் செசரியா, செபஸ்தே ஊர்க்காரர்கள் என்கிறார். செபஸ்தே என்பது பழைய சமாரியா நகர்தான்! ஆக, யூதரோடு ஒட்டாத அண்டை ஊர்ப் பிள்ளைகள். அவ்வாண்டு அகிரிப்பா அரசர் இறந்தபோது இவர்கள் வெளிப்படையாகவே கொண்டாடினார்கள். அவருடைய மகள்களின் சிலைகளை இழிவுபடுத்தினார்கள். சினமடைந்த பேரரசர் கிலவுதியு இவர்களைக் கருங்கடல் ஓரத்துப் போந்து நாட்டுக்கு மாற்ற ஆணையிட்டார். தூது அனுப்பி மன்றாடி, அங்கேயே தங்கிவிட்டார்கள்.

இதை மனதில் வைத்து முள்முடிக் காட்சியை வாசித்துப் பாருங்கள். யூதரின் அரசர் என்ற அந்தக் கேலியில், ஒரு மனிதர்மீது மட்டுமல்ல, ஓர் இனத்தின் மீதே இருந்த பக்கத்து வீட்டுப் பகை தெரிகிறது.

துணைப்படையின் ஒரு காலாட்பிரிவில் வழக்கமாக 480 பேர். அதில் 6 நூற்றுவர் அணிகள். பெயரில்தான் நூறு, கணக்குப் பார்த்தால் 80 பேர். நூற்றுவர் தலைவரின் கையில் திராட்சைக் கொடிக் கம்பு ஒன்று இருக்கும். அதுவே பதவி அடையாளம், அதுவே அடிக்கும் தடி. அவருக்கு மேலே, செல்வர் குடும்பத்திலிருந்து வந்த தளபதி. கப்பர்நாகும் நூற்றுவர் தலைவர் (கலிலேயா ஏரோதின் ஆட்சியில் இருந்ததால், இவர் ஏரோதின் படையைச் சேர்ந்தவராக இருக்கலாம்) தாம் பிறரின் அதிகாரத்துக்கு உட்பட்டவர் என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகே தம் வீரர்களைப் பற்றிப் பேசுகிறார். மேலும் கீழும் பார்த்துப் பழகியவரின் பேச்சு அது.

துணைப்படை வீரரின் பணிக்காலம் 25 ஆண்டுகள். கிலவுதியு காலம்முதல், அதை முடித்தவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. சான்றாக வெண்கலத் தகடும் தரப்பட்டது. எருசலேமில் பவுலைச் சாட்டையால் அடிக்கக் கட்டியவர்கள் இப்படிப்பட்ட வீரர்களே. அவர்களுடைய ஆயிரத்தவர் தலைவர் லீசியாவோ பெருந்தொகை கொடுத்துக் குடியுரிமை வாங்கியவர். வாரால் கட்டப்பட்டிருந்த கைதி, பிறப்பிலேயே தமக்கு அது உண்டு என்றார். அடிக்க இருந்தவர்கள் உடனே விலகிக்கொண்டார்கள்.